ஒரு தங்கக் கைக்கடிகாரத்தின் ஜாதகம்

எனக்குத் தெரிந்து இந்தியச் சட்டங்களில் தங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒரே மூச்சில் சொல்கிற இடம் ஒன்று உண்டு. 1962-ஆம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு. பொதுவாக ஒருவர் மேல் குற்றம் சாட்டினால் நிரூபிக்க வேண்டியது சாட்டியவர் பொறுப்பு. இந்தப் பிரிவில் அது தலைகீழ். கடத்தல் சரக்கு என்று நியாயமாகச் சந்தேகப்பட்டு அதிகாரி ஒரு பொருளைக் கைப்பற்றிவிட்டால், "இது கடத்தல் சரக்கு இல்லை" என்று காட்டுகிற பாரம் வைத்திருந்தவர் தலையில். எல்லாப் பொருளுக்கும் இப்படிக் கிடையாது. தங்கம், தங்கத்தால் செய்தவை, கடிகாரம் என்று ஒரு சின்னப் பட்டியல்தான். வேண்டுமானால் அரசாங்கம் அதில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தங்கத்தால் செய்த கைக்கடிகாரம்? இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிற பேர்வழி. அறுபது எழுபதுகளில் இந்த மும்பைக் கடற்கரையில் இரவு நேரத்தில் இறங்கிய சரக்கில் தங்க பிஸ்கட்டும் சுவிஸ் வாட்சும்தான் முக்கியம் என்பது பழைய இந்திப் படம் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதனால் வந்த வினை, நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட வாட்சைப் பற்றி வெளியே பேசுவதில்லை. பில் எங்கே, யார் கொண்டுவந்தது, எந்த வருடம் என்பதெல்லாம் வீட்டுக்குள்ளேயே மறந்துபோகும். இன்று நம் குடும்பங்களில் பீரோவுக்குள் கிடக்கிற தாத்தா காலத்துத் தங்க வாட்சுக்குப் பெரும்பாலும் கதை உண்டு, காகிதம் கிடையாது. (வங்கிக்காரனுக்குக் கதையை விடக் காகிதம்தான் பிடிக்கும். என்ன செய்வது, பழக்க தோஷம்.)

காகிதம் இல்லாதபோது வாட்சையே காகிதமாக வைத்துப் படிக்க வேண்டியதுதான். எப்படிப் படிப்பது என்று சொல்வதற்கு முன்னால், இது நம்மிடம் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சுவிஸ் வாட்சுக்கும் இந்தியாவுக்கும் உறவு பழையது. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி என்ற பெயர் 1886-இல் பம்பாயில் பிறந்தது. சரக்கு செய்தது ஸ்விட்சர்லாந்தின் சென்-இமியே ஊரில், விற்றது பம்பாயிலும் கல்கத்தாவிலும். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்காரர்கள் கையில் இருந்தது இந்த வாட்ச். அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், ஃபேவர் லூபா கம்பெனிக்காரர்கள் பம்பாய்க்கு வந்துவிட்டார்கள். ஆனால் இவை இரண்டும் இங்கே பெரும்பாலும் எவர்சில்வர், குரோமியம், முலாம் பூசிய கேஸ்களில்தான் விற்றன. முழுத் தங்கக் கேஸ் என்பது சமஸ்தானத்துக்காரர்கள், மில் முதலாளிகள், பெரிய வக்கீல்கள் சமாச்சாரம்.

நம்மவர்களில் நடுத்தரக் குடும்பத்துக்குத் தங்க வாட்ச் வந்தது வேறு வழியில். சிங்கப்பூர், பினாங்கு, ரங்கூன், கொழும்பு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் வாட்ச் இறக்குமதிக்குக் கெடுபிடி கூடிக்கொண்டே போனது. பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து வாட்ச் ஃபேக்டரி தொடங்கியது 1961-இல்தான். நம்ம ஓசூரில் டைட்டன் வந்ததோ அதற்கும் இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் நல்ல வாட்ச் வேண்டுமென்றால் கப்பலில் வருகிற சொந்தக்காரர்தான் கதி. அவர் பத்து வருடச் சம்பாத்தியத்தில் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் கையில் கட்டியிருக்கும் ஒமேகாவாக இருக்கும்.

1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டை இங்கே விட முடியாது. புதிதாகச் செய்கிற நகை 14 காரட்டுக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. சீன யுத்தம் முடிந்த சமயம், அந்நியச் செலாவணி இல்லை, ஜனங்கள் தங்க மோகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும் என்ற நோக்கம். மோகம் குறையவில்லை. பத்தர்களின் அடுப்புதான் அணைந்தது. தொழில் போய்த் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. 14 காரட் விதியை 1966-இல் எடுத்தார்கள். ஆனால் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்து, 1990 வரை இருந்தது. அந்தச் சட்டத்தில் கட்டித் தங்கம் ஒரு வகை, நகை ஒரு வகை, நகையல்லாத பொருள் இன்னொரு வகை. இருபத்தேழு வருடம் தங்கத்தைப் பற்றிப் பேசவே பயந்த ஒரு தலைமுறையிடமிருந்துதான் இந்த வாட்சுகள் நமக்கு வந்திருக்கின்றன. அவர்கள் ஏன் எதையும் எழுதி வைக்கவில்லை என்று கோபித்துப் பயனில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு வாட்ச் வந்து நின்றது. மூன்று பேர். அண்ணாச்சி இங்கே முலுண்டில், அக்கா புனேயில், தம்பி நாக்பூரில். அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். பிறகு தென்காசிப் பக்கம் ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். அவர் காலமான பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது ஒரு ஒமேகா. தம்பிக்கு வேலை போய் எட்டு மாதம், பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். அவர் விற்றுவிடலாம் என்றார். அக்காவுக்கு மனசு வரவில்லை. ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, "டயல் டூப்ளிகேட், உள்ளே மெஷினும் வேற. உருக்குகிற விலைதான் தரமுடியும்" என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க பேங்க்ல தங்கம் பாக்கறவங்கதானே, சொல்லுங்க" என்றார்.

தங்கம் பார்ப்பவர் நானில்லை, எங்கள் நகை மதிப்பீட்டாளர். ஆனால் பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சோர் பஜாரில் சுற்றுகிற வியாதி எனக்கு உண்டு என்பது அண்ணாச்சிக்குத் தெரியும்.

முதலில் தங்கம். நம்மவர்கள் கண் 22 காரட்டுக்குப் பழகிய கண். பத்தரை மாற்று என்று சொல்லியே வளர்ந்தவர்கள். அதனால் 18 காரட் வாட்சைப் பார்த்தவுடன் "மாற்று கம்மி" என்போம். ஒன்பது காரட்டைப் பார்த்தால் பித்தளை என்றே முடிவு கட்டிவிடுவோம். வாட்ச் கேஸை 22 காரட்டில் செய்தால் ஒரு வருடத்தில் நசுங்கிவிடும். உறுதிக்காகத்தான் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் வழக்கம் 18 காரட், அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு. அமெரிக்கச் சந்தைக்கு 14 காரட். இங்கிலாந்தில் 9 காரட், ஆயிரத்துக்கு 375 பங்கு. ஒன்பது காரட்டில் பாதிக்கு மேல் தங்கமே இல்லை, இருந்தாலும் அது இங்கிலாந்தில் சட்டப்படி தங்கம்தான்.

பின்மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்திரைகள் இருக்கும். சுவிஸ்காரர்கள் 1880-இல் போட்ட சட்டத்தின்படி 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்கிற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு ஓர் அணில். (மொரார்ஜி நம்மிடம் கேட்டது இந்த அணிலைத்தான்!) 1995 வரை இதுதான் நடைமுறை. அதற்குப் பிறகு எல்லாத் தரத்துக்கும் சென் பெர்னார்ட் நாயின் தலை ஒன்றே. ஆகவே 1950-களின் வாட்ச் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நாய்த்தலை இருந்தால், அந்தக் கேஸ் பிற்காலத்தது. இப்படி முத்திரையே தேதி சொல்லும். பிரெஞ்சுக்காரர்களுக்கு 18 காரட் என்றால் கழுகின் தலை. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு ஆந்தை. ஆங்கிலேயர்கள் இன்னும் ஒருபடி மேல். அவர்கள் முத்திரையோடு வருடத்துக்கு ஒரு எழுத்தும் அடிப்பார்கள், அட்டவணையில் பார்த்தால் எந்த வருடம் சோதித்தது என்று கிடைத்துவிடும். 1907-இலிருந்து வெளிநாட்டு வாட்ச் கேஸும் அங்கே சோதனைக்குப் போயாக வேண்டும் என்று ஆனதால், ஒமேகா போன்ற பல கம்பெனிகள் மெஷினை மட்டும் அனுப்பிக் கேஸை பர்மிங்ஹாமில் டென்னிசன் என்ற கம்பெனியிடம் செய்துகொண்டன. அதனால் ஒமேகா டயலும் மெஷினும் இருந்து, பின்மூடிக்குள் டென்னிசன் பெயரும் நங்கூர முத்திரையும் இருந்தால் பதற வேண்டாம். அதுவும் அசல்தான். நங்கூரம் பர்மிங்ஹாமின் அடையாளம்.

ஏமாறுகிற இடம் இன்னொன்று. "14 காரட் கோல்டு ஃபில்டு", "ரோல்டு கோல்டு", "20 மைக்ரான்", "பிளாக்கே" என்றெல்லாம் எழுதியிருக்கும். எல்லாமே கவரிங்தான், சிதம்பரம் கவரிங்கை விடக் கனமான கவரிங், அவ்வளவே. 14 காரட் என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்கக் கேஸ் சிலவற்றில் "20 வருடம் உத்தரவாதம்" என்று இருக்கும். முழுத் தங்கத்துக்கு யாராவது இருபது வருடம் உத்தரவாதம் தருவார்களா? மேல்தகடு தேய இருபது வருடம் ஆகும் என்பதுதான் அதன் அர்த்தம். கவரிங் என்றால் ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகளின் முனையில் முதலில் தேயும், உள்ளிருக்கும் பித்தளையோ வெள்ளை உலோகமோ எட்டிப் பார்க்கும். முழுத் தங்கம் நசுங்கும், கீறும், ஆனால் உள்ளே வேறு நிறம் வராது.

அண்ணாச்சியின் வாட்சில் ஹெல்வெட்டியா தலை இருந்தது, 0.750 இருந்தது, ஒமேகாவின் பெயரும் கேஸ் மாடல் எண்ணும் இருந்தன. ஆனாலும் முத்திரையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. முத்திரை அடிக்கத் தெரிந்த கை உலகத்தில் நிறைய. எங்கள் மதிப்பீட்டாளர் வழக்கப்படி உரைகல்லை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். வளையலில் ஒரு உரசல் யாருக்கும் தெரியாது. வாட்ச் கேஸின் விளிம்பில் ஒரு உரசல் காலத்துக்கும் நிற்கும். அமிலம் பக்கமே போக வேண்டாம். எக்ஸ்-ரே காரட் மெஷின் இருக்கிற கடையில் கீறாமல் பார்க்கலாம். அதிலும் மேல் தோல்தான் தெரியும் என்பதால், கூடவே ஆர்க்கிமிடீஸ் சோதனையையும் செய்தோம்.

மெஷின், கண்ணாடி, டயல் எல்லாவற்றையும் ரிப்பேர்காரர் கழற்றிக் கொடுத்தார். வெறும் கேஸும் பின்மூடியும் சேர்த்து 12.40 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் 0.80 கிராம் குறைந்தது. 12.40-ஐ 0.80-ஆல் வகுத்தால் 15.5. அது 18 காரட் மஞ்சள் தங்கத்தின் அடர்த்தி. 14 காரட் என்றால் 13-க்குப் பக்கத்தில் வரும், பித்தளை என்றால் எட்டரை. முக்கால் பங்கு தங்கம் என்றால் 12.40-இல் 9.30 கிராம் சுத்தத் தங்கம். உருக்குகிறவர் கணக்கு இத்தோடு முடிந்தது. முழு வாட்சை அப்படியே தராசில் வைத்து "முப்பத்தைந்து கிராம் தங்கம்" என்று சந்தோஷப்படுகிற குடும்பங்கள் உண்டு. பெரும்பகுதி மெஷினும் தோல் பட்டையும்தான்.

இனி "அசலா" என்ற கேள்வி. இதில்தான் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய்.

மெஷினைப் பார்த்தோம். ஒமேகாவின் அந்தக் கால மெஷின்கள் செம்பு நிறத்தில் மின்னும், வேறு கம்பெனிகளிடம் அதிகம் காணாத நிறம். மேல் தகட்டில் ஒரு எண், கேலிபர் எண், 267. 1939-இல் ஒமேகா வெளியிட்ட 30 மில்லிமீட்டர் கை மெஷினின் வம்சாவளி. சின்ன நொடி முள் ஆறு மணி இடத்தில் ஓடும் வகை. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. அந்த நாளில் வானிலையங்களின் துல்லியப் போட்டிகளுக்கு இந்தக் குடும்பத்து மெஷின்களைத்தான் ஒமேகா தயார்செய்து அனுப்பியது. சாவி கொடுக்கிற வாட்சில் இதைவிட நல்ல மெஷின் அந்த விலையில் கிடையாது என்பது என் கட்சி. இன்னொரு எண் வரிசை எண்; எட்டு இலக்கம், 16-இல் தொடங்கியது. சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி ஒரு கோடியே அறுபது லட்சத்துச் சொச்சம் என்றால் 1958 வாக்கில். அப்பா 1959 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது கையில் இருந்தது என்று அக்கா சொன்னதோடு ஒத்துப்போனது. கேஸ் மாடலும் இந்த மெஷினுக்கானதே. ஆகக் கடைக்காரர் "மெஷின் வேற" என்றது பச்சைப் பொய்.

டயல் விஷயத்தில் அவர் சொன்னது சரி. திரும்ப எழுதின டயல். கோடு எல்லாம் கொஞ்சம் தடிமன். ஒமேகா சின்னத்தின் கீழ்க்கால்கள் அசலில் கூர்மையாக முடியும். இதில் மழுங்கி, ஒரு பக்கம் கொஞ்சம் நீளம். நிமிடக் கோடுகள் பதித்த தங்கக் குச்சிகளின் நடுவில் வராமல் தள்ளி விழுந்திருந்தன. அடியில் "ஸ்விஸ் மேட்" என்ற எழுத்து ஆறு மணிக் குச்சிக்கு இரு பக்கமும் சமமாக இல்லை. அசல் டயலில் இந்தத் தப்பு வரவே வராது, ஏனென்றால் அச்சு ஒன்று, டயல் ஆயிரம். திரும்ப எழுதுகிறவர் ஒவ்வொன்றாகச் செய்கிறார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம் ஊரில் புதிதாக வர்ணம் அடித்து வருகிற வாட்சுகளுக்கு "மும்பை ஸ்பெஷல்" என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஹோலி கொண்டாடிய டயல்கள். கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். இந்த ஊரில் அந்த டயல் எழுதுகிறவர்கள் செய்த வேலை மோசடிக்காகத் தொடங்கியதல்ல. கடற்கரைக் காற்று, மழைக்கால ஈரம், நம் வேர்வை எல்லாம் சேர்ந்து இருபது வருடத்தில் எந்த டயலையும் கறுக்க வைத்துவிடும். புது டயல் இறக்குமதி கிடையாது. பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று சொந்தக்காரரே கேட்டு எழுதிக்கொண்டார். அதை இன்று அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

முட்கள் அசல். நீளம் சரியாக நிமிடக் கோட்டைத் தொட்டன. டயலின் பதித்த குச்சிகளோடு நிறமும் ஒத்திருந்தது. சாவித் திருகு மாற்றியது. ஒமேகா குறி இல்லை. கண்ணாடியும் மாற்றியது, அசல் பிளாஸ்டிக் கண்ணாடி என்றால் நடுவில் லென்ஸ் வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குட்டி ஒமேகா சின்னம் இருக்கும். இவை இரண்டும் தேய்மானப் பொருள்கள், ஸ்கூட்டருக்கு டயர் மாதிரி. மாற்றியதற்காக யாரும் பெரிதாக விலை குறைப்பதில்லை. டயலுக்குக் குறைப்பார்கள், நிறையவே குறைப்பார்கள்.

கேஸின் நிலைமை தனி அத்தியாயம். தங்கம் மென்மையானது. பாலிஷ் போடுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கம் போகிறது, அதோடு விளிம்புகளின் கூர்மையும் போகிறது. காதுகளின் மேல்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். அது சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தால் பல முறை பாலிஷ் வாங்கிய கேஸ். காதின் வெளிப்புறத்தில் முத்திரை இருந்தால் அதன் ஆழத்தைப் பாருங்கள், பாதி அழிந்திருந்தால் அதே கதை. இந்த வாட்சில் கீறல் நிறைய இருந்தது, கோடு அப்படியே இருந்தது. அதாவது யாரும் பாலிஷ் போடவில்லை. அண்ணாச்சி "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாலிஷ் போட்டுட்டா என்ன?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். கீறல் சொந்தக்காரர் உழைத்ததால் வந்தது, அதற்கு விலை குறையாது. தொலைந்த விளிம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பின்மூடியின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஊசியால் கீறிய குட்டி எழுத்துகள். வாட்ச் ரிப்பேர்காரர்கள் சர்வீஸ் செய்த தேதியை இப்படிக் கீறி வைப்பது உலகமெங்கும் வழக்கம், அடுத்த முறை வாட்ச் திரும்பி வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிவதற்காக. இதில் 63, 67, 71, 76, 80, 84 என்று ஆறு கீறல்கள். முதல் ஐந்தில் ஒரே கையெழுத்து. 84-க்குப் பிறகு ஒன்றும் இல்லை. அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அந்த வருசந்தான் தம்பி அம்மா தவறுனாங்க. அதுக்கப்புறம் அப்பா வாட்ச் கட்டி நான் பாக்கல." டயல் திரும்ப எழுதியதும் அந்தக் கடைசிச் சர்வீஸோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்று ரிப்பேர்காரர் நினைத்தார். வெள்ளை வர்ணத்தின் பழுப்பை வைத்துச் சொல்வதுதான், அதற்கு மேல் ஆதாரமில்லை.

நாற்பது வருடம் ஓடாமல் கிடந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது, ஆனால் எண்ணெய் இல்லாமல் ஓடித் தேய்ந்திருக்கவில்லை. திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய காயம் ஒன்றிரண்டு. துரு இல்லை, தென்காசிக் காற்றுக்கு நன்றி. இங்கே தாராவிக் கழிமுகப் பக்கம் இருந்திருந்தால் கதை வேறு. சுத்தம் செய்து எண்ணெய் போட்ட பிறகு நாளுக்கு இருபது நொடி முந்தியது. அறுபது வயது தாண்டிய மெஷினுக்கு அது குறையே இல்லை.

இப்போது விலை. அசல் என்பது ஆம், இல்லை என்ற ஒற்றைப் பதில் இல்லை. நம் லெட்ஜரில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக டிக் அடிப்பது போல, பாகம் பாகமாகச் சொல்ல வேண்டியது. இந்த வாட்சின் கேஸ், மெஷின், முட்கள் டிக், டயல் கிராஸ், திருகும் கண்ணாடியும் பரவாயில்லை ரகம். நேர்மையான மூன்று பேரிடம் இதே விவரத்தைக் கொடுத்து விலை கேட்டோம். மூவரும் சொன்னது உருக்கும் விலைக்கு மேலேதான். ஆனால் தம்பி கனவு கண்டிருந்த அளவுக்கு இல்லை. இணையத்தில் ஏலத்தில் போன விலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் அவர். அது டயல் கைபடாத வாட்சின் விலை. கடைசியில் அக்காவே மூன்று விலையின் சராசரியை எடுத்து, தன் பங்கைக் கழித்து, மீதியைத் தம்பிகள் இரண்டு பேருக்கும் கொடுத்தார். அண்ணாச்சி தன் பங்கையும் தம்பி பெண்ணின் கல்லூரிக் கணக்கில் கட்டிவிட்டார். ரசீதை மட்டும் என்னிடம் வாட்ஸப்பில் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

பெரிய இடங்களிலும் இந்தத் தலைவலி உண்டு என்பதற்காக ஒன்று. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று முப்பது லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. தங்கம்கூட இல்லை, எவர்சில்வர். வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் ஒமேகாவே அறிவித்தது: அது பல வாட்சுகளின் பாகங்களைக் கூட்டிச் சேர்த்த வாட்ச், அந்த வேலையில் தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கும் பங்குண்டு என்று. தயாரித்தவனையே ஏமாற்ற முடிகிறது. ஆகவே யாராவது கடையில் ஐந்து நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு "நூறு சதம் அசல்" என்றாலும் சரி, "முழுக்க டூப்ளிகேட்" என்றாலும் சரி, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். அறுபதுகளுக்கு முந்தைய வாட்சில் இருட்டில் ஒளிரும் பச்சைப் புள்ளிகள் இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது, ரேடியத்தின் அரை ஆயுளே சுமார் 1,600 வருடம். சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் திறந்து கொடுக்காதீர்கள். பெயர், வாழ்த்து ஏதாவது பின்மூடியில் பொறித்திருந்தால் அழிக்காதீர்கள். சந்தையில் சிலர் அதற்குக் குறைப்பார்கள், குறைத்துக்கொள்ளட்டும். வாட்சோடு ஊர்ப் பத்தர் செய்த தங்கப் பட்டை இருந்தால் அதைத் தனியாக நிறுங்கள், அது பெரும்பாலும் 22 காரட், கேஸை விடக் கனமாகவும் இருக்கலாம்.

நண்பர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானதே, பழைய தங்க வாட்சுக்கும் போய் முத்திரை வாங்க வேண்டுமா என்று. வேண்டாம். அந்த உத்தரவு கடைக்காரர் விற்பதற்கானது, வீட்டில் இருப்பதற்கு இல்லை. அதிலும் கைக்கடிகாரத்துக்கும் ஃபவுண்டன் பேனாவுக்கும் விலக்கே கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, வாட்சை வைத்து நகைக் கடன் கிடைக்குமா என்று. எங்கள் கிளையில் கிடைக்காது. நகையும் நாணயமும்தான் வாங்குவோம். கேஸை மெஷினிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தாலும் வாங்கமாட்டோம். தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.